மூன்றில் ஒரு பங்கு எங்கே இருக்கிறது?

இலஞ்சி,
9.8.2025

அன்புத் தங்கை முத்துவடிவுக்கு,

அண்ணன் குத்தாலிங்கம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இலஞ்சிக் குமாரர் கிருபையால் நானும் உன் மதினி இசக்கிச்செல்வியும் தம்பி அய்யாக்குட்டியும் உயிரோடு இருக்கிறோம். ‘சௌக்கியம்’ என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். பின்னால் வரப்போகிற சங்கதிகளுக்கு அந்தச் சொல் பொருந்தாது என்பதால் ‘உயிரோடு’ என்பதோடு நிறுத்திக்கொண்டேன். டோம்பிவிலியில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள். கையில் போன் இருக்கும்போது அண்ணன் ஏன் நாலு பக்கம் எழுதுகிறான் என்று நீ கேட்பாய். போனில் பேசுவதெல்லாம் எங்கேயோ பதிவாகிறதாம். நாளைக்குக் கோர்ட்டில் போட்டுக் காட்டினால் அது என் குரல் இல்லை என்று என்னாலேயே சொல்ல முடியாது. ஆகையால் ரிஜிஸ்தர் தபால்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீடு ஜப்தியில் இருக்கிறது. நீ பயப்படாதே. இங்கே நான் பயந்துகொண்டிருக்கிறேன், நம் மூன்று பேருக்கும் அது போதும். தாத்தா கட்டி, அப்பா வழியாக நமக்கு வந்த இந்த வீட்டை நாம் மூவரும் இன்றுவரை பாகம் பிரிக்கவில்லை. அப்பா மனதில் இருந்த பயத்தை மட்டும் யாரையும் கேட்காமல் எனக்கு முழுசாக எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார் போலிருக்கிறது. அய்யாக்குட்டிக்கு அதில் ஒரு சல்லிகூட வரவில்லை.

வந்திருந்தால் மூன்று வருடத்துக்கு முன்னால் குற்றாலத்தில் ஐந்தருவி போகிற ரோட்டில் சீசன் கடை எடுத்திருப்பானா? குளிக்க வருகிறவன் எவனும் துண்டு கொண்டுவர மாட்டான், ஆளுக்கொன்று வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கடையநல்லூரில் ஷரீபுன்னிசா என்கிற மொத்த வியாபாரியம்மாவிடம் நாலு லட்சத்து எண்பதாயிரத்துக்குத் துண்டும் டவுசரும் கடனுக்கு எடுத்துப் புரோநோட்டும் எழுதிக் கொடுத்தான். அந்த சீசனில் தண்ணீர் விழுந்த நாளெல்லாம் வெள்ளம் என்று சொல்லிக் குளிக்கத் தடை போட்டார்கள், தடையை எடுத்த நாளில் பாறைதான் இருந்தது, தண்ணீர் இல்லை. வந்த கூட்டமும் நனையாமலே பழம்பொரி தின்றுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டது. மிச்சத் துண்டெல்லாம் மூட்டை மூட்டையாக நம் வீட்டு மச்சுக்கு வந்தது. கேட்டவன் கேட்காதவன் எல்லோருக்கும் அய்யாக்குட்டி அள்ளிக் கொடுத்தான். இலஞ்சியில் இன்றைக்குப் பாதிப் பேர் துவட்டுவது நம் கடனில்தான்.

அந்தம்மா இரண்டு வருடம் பொறுத்துவிட்டு வழக்குப் போட்டது. சம்மன் வந்ததை இவன் என்னிடம் சொல்லவே இல்லை. பிறகு கேட்டதற்கு, “போனாத்தானண்ணே கேஸு, நாந்தான் போகவே இல்லையே” என்கிறான். இவன் போகாததாலேயே அந்தம்மாவுக்குச் சுளுவாகத் தீர்ப்பாகி, வட்டியும் செலவும் சேர்ந்து ஐந்து லட்சத்து எழுபதாயிரத்துக்கு டிகிரி ஆகிவிட்டது. கல்யாணம் கட்டாத ஆள், பேங்கில் அறுநூறு ரூபாய் இருக்கிறது, வேறு என்ன இருக்கிறது என்று தேடிப்பார்த்து, இந்த வீட்டில் இவனுக்கு உள்ள பங்கின் மேல் கையை வைத்துவிட்டார்கள்.

ஆனி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் முற்றத்தில் உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்டிருக்கிறேன், ஒரு பக்கம்தான் முடிந்திருக்கிறது, தெருவில் தமுக்குச் சத்தம் கேட்கிறது. எதிர்வீட்டு அம்மா வெளியே வந்து, “அண்ணாச்சி, கோயில்ல எதும் விசேசமா?” என்று என்னிடமே கேட்கிறார்கள். நானும் இருக்கும் என்றேன். சத்தம் நேராக நம் வாசலில் வந்து நின்றது. தமுக்கடிக்கிறவர் ஒருவர், கையில் காகிதமும் பசை டப்பாவுமாக இன்னொருவர். அவர்தான் கோர்ட் அமீனா. என் முகத்தில் பாதி நுரை, கையில் கத்தி. அந்த மனிதர் பயந்து ரெண்டு அடி பின்னால் போய்விட்டார். நான் அவரைப் பார்த்து நடுங்க, அவர் என் கத்தியைப் பார்த்து நடுங்க, உன் மதினிதான் வந்து கத்தியை வாங்கிக்கொண்டு அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, போன மாதம்தான் பெயிண்ட் அடித்த கதவில் பசையைத் தடவி நோட்டீஸை ஒட்டினார்.

“எந்த இடத்த ஜப்தி பண்ணியிருக்கிய?” என்றேன்.

“பிரிபடாத மூணுல ஒரு பங்கு சார்.”

“அது இந்த வீட்டுல எங்கன இருக்கு?”

“அது எனக்குத் தெரியாது சார். எழுதுனத ஒட்டுதேன்.”

இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது தங்கச்சி. வீரகேரளம்புதூர் தாலுகா ஆபீசில் தபால் பிரிவில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து, வருகிற காகிதத்துக்கெல்லாம் தேதி முத்திரை குத்தினவன் நான். ஒரு காகிதமாவது எனக்கென்று வந்ததில்லை. முதன்முதலாக வந்தது வாசலிலேயே ஒட்டிக்கொண்டது. மறுநாள் அய்யாக்குட்டியைக் கூட்டிக்கொண்டு தென்காசிக்கு விஸ்வநாதன் வக்கீலிடம் போனேன். போனதும் முதலில் இதைத்தான் கேட்டேன். அவர் சிரிக்கிறார்.

“அண்ணாச்சி, ஒங்க வீட்டம்மா வைக்கிற சாம்பார்ல உப்பு எந்தப் பக்கம் கெடக்குன்னு கேட்டா சொல்லுவீயளா? அந்த மாதிரிதான். பங்கு உண்டு, இடம் கெடையாது. வீட்டுல ஒவ்வொரு செங்கல்லுலயும் அவருக்கு மூணுல ஒண்ணு இருக்கு.”

கடன் அய்யாக்குட்டியுடையது, அது அவன் பங்கை மட்டும்தான் கட்டுப்படுத்தும், என் பங்குக்கும் உன் பங்குக்கும் ஒன்றும் வராது, மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்த பிறகு நீயும் எங்களோடு சரிசமம் என்றார். ஏலத்தில் எடுக்கிறவன் மறுநாளே பாயைத் தூக்கிக்கொண்டு வந்து படுக்க முடியாது, பாகம் பிரித்துக் கொடு என்று தனியாக ஒரு வழக்குப் போட வேண்டும், அது முடிவதற்குள் எல்லோருக்கும் பல் போய்விடும் என்றும் சொன்னார். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். “சரி, வீட்டப் பிரிக்க முடியலைன்னா?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“அந்தப் பங்குக்கு வெல போட்டு நீங்களே வாங்கிக்கிடலாம். அதுவும் முடியலைன்னா, மொத்த வீட்டையும் வித்துப் பணத்த மூணாப் பிரிச்சுக்கோன்னு கோர்ட்டு சொன்னாலும் சொல்லும்.”

மொத்த வீட்டையும். அதற்கப்புறம் அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்த கேள்வியை உன்னிடம் மறைக்கக் கூடாது. யார் கேட்டது என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை. “ஒரு பேச்சுக்குக் கேக்கேன் சார், இவன் இல்லாம ஆயிட்டாம்னா?” என்று கேட்டேன். பக்கத்து நாற்காலியில் அவன் இருக்கிறான்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். “அந்தக் காலத்துல, ஜப்தி விழுகதுக்கு முன்னாடி பங்காளி செத்துட்டா அவன் பங்கு மத்தவங்களோட சேந்துரும், கடன் குடுத்தவன் கையப் பெசஞ்சுக்கிட்டு நிப்பான். இப்பம் சட்டம் மாறியாச்சு. அதுபோக, ஜப்தியும் விழுந்தாச்சு. இனி இவர் செத்தும் பிரயோசனமில்ல.”

அய்யாக்குட்டி என்னைப் பார்த்து, “அப்பம் நான் இருக்கட்டுமாண்ணே?” என்றான். கேலிக்குத்தான் கேட்டான். வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நெடுநாளாக அவனுக்கு ஒரு வறட்டு இருமல் உண்டு. அவன் இருமும்போதெல்லாம் இப்போது நான்தான் ஓடிப்போய் வெந்நீர் வைக்கிறேன்.

வீட்டுக்கு வந்தும் சாம்பார் உப்புக் கணக்கு எனக்குத் திருப்தியாகவில்லை. டேப்பை எடுத்து அளந்தேன். வாசலிலிருந்து கொல்லைவரை அறுபத்தாறு அடி, ஆளுக்கு இருபத்திரண்டு. சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டே போனால், அய்யாக்குட்டிக்குப் பின்பக்கம் என்று வைத்த கோடு அடுப்படிக்குள் போய்க் கேஸ் அடுப்புக்கும் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கும் நடுவில் நின்றது. உன் மதினி கரண்டியோடு வந்தாள். “அப்பம் அடுப்பு யாரு பங்கு?” என்றாள். அய்யாக்குட்டி பங்கு, ஜப்தியில் இருக்கிறது என்றேன். “அப்பம் கோர்ட்டுல போயி சோறு கேளுங்க” என்று அடுப்பை அணைத்துவிட்டாள். அன்றைக்கு அவன்தான் கடையில் போய் மூன்று பேருக்கும் புரோட்டா வாங்கி வந்தான். அவன் கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தின்றான், நான் இந்தப் பக்கம்.

போதாததற்கு முடிவெட்டுகிற கடையில் ஒருவர் சொன்னார்: வெளியூரில் ஒரு பெரும்புள்ளி இருக்கிறானாம், ஏலத்துக்கு வருகிற இந்த மாதிரிப் பங்குகளை அடிமாட்டு விலைக்கு எடுத்து, வீட்டுக்குப் பத்துப் பேரை அனுப்பி முற்றத்தில் அடுப்புக் கூட்டி உட்கார வைத்துவிடுவானாம். வீட்டுக்காரர்கள் தாங்க முடியாமல் மீதியையும் அவனுக்கே கொடுத்துவிட்டு ஓடிவிடுவார்களாம். வக்கீல் சொன்னது முழுசும் மறந்துபோய் இது மட்டும் தங்கிவிட்டது. மறுவாரம் ஒரு வெள்ளைச் சட்டைக்காரன் நம் வெளிச்சுவரை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தான். நான் உலக்கையோடு போனேன். அவன் முருகன் கோயில் முக்குவரை ஓடிப் போய், அங்கே நின்று திரும்பிப் பார்த்துக் கும்பிட்டான். அவன் இன்டர்நெட் ஒயர் இழுக்க வந்தவனாம், உன் மதினிதான் எழுதிக் கொடுத்திருந்தாளாம். இப்போது அந்தக் கம்பெனிக்காரர்கள் நம் தெருவுக்கே வர மாட்டோம் என்கிறார்கள், தெருவே என்னைத் திட்டுகிறது. அதற்குள் ஏலத் தேதியும் வந்துவிட்டது. செப்டம்பர் மூன்று. எனக்குச் சோறு இறங்கவில்லை தங்கச்சி.

இப்படி இருக்கையில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. தென்காசியில் ஓர் ஆள், பேர் வேண்டாம், பழைய தேதியில் விற்ற முத்திரைத் தாள் வைத்திருக்கிறான். இருபது ரூபாய்த் தாளை மூவாயிரத்துக்கு வாங்கி, 1999-லேயே நாம் மூவரும் பாகம் பிரித்துக்கொண்டதாக என் கையாலேயே எழுதினேன். வீடும் மனையும் மூத்தவன் குத்தாலிங்கத்துக்கு, பித்தளை அண்டா இரண்டும் தேக்குக் கட்டிலும் முத்துவடிவுக்கு, கொல்லையிலுள்ள கிணறும் அதிலுள்ள தண்ணீரும் அய்யாக்குட்டிக்கு. கடன்காரர்கள் வேண்டுமானால் கிணற்றைத் தூக்கிக்கொண்டு போகட்டும். எழுதி முடித்து உன் மதினியிடம் வாசிக்கக் கொடுத்தேன். ஒரு வரி வாசித்துவிட்டு, “ஏங்க, 1999-ல தென்காசி மாவட்டம் எங்கன இருந்துச்சு?” என்கிறாள். நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தின மூன்று வருடம் ஆபீசில் அப்படி எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. மாவட்டம் பிறப்பதற்கு இருபது வருடம் முன்னாலேயே நான் அதில் குடியிருந்திருக்கிறேன். இன்னொரு மூவாயிரம். இரண்டாவது தாளில் திருநெல்வேலி மாவட்டம் என்று கவனமாக எழுதியிருக்கிறேன்.

அய்யாக்குட்டியிடம் கையெழுத்துக் கேட்டேன். முழுதும் வாசித்தான். “எனக்குக் கெணறு மட்டுமா?” என்றான். அப்புறம், “மொதல்ல அக்கா போடட்டும்” என்று எழுந்து போய்விட்டான். ஆகவே அந்தப் பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் பென்சிலால் புள்ளி வைத்த இரண்டு இடத்திலும் நீலமைப் பேனாவால் கையெழுத்துப் போடு. இப்போது போடுகிற மாதிரி வேகமாகக் கிறுக்காதே, 1999-ல் போட்ட மாதிரி நிதானமாகப் போடு. தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதியிருக்கிறேன். இந்த வயதில் வாடகை வீடு தேடி இசக்கிச்செல்வியை இழுத்துக்கொண்டு தெருத் தெருவாக அலைகிற மாதிரியே கண்ணை மூடினால் தெரிகிறது. அதைவிட ஜெயில் பரவாயில்லை என்று ஒரு நேரம் தோன்றுகிறது, ஜெயிலை நினைத்ததும் வாடகை வீடு பரவாயில்லை என்று தோன்றுகிறது.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகளுக்கு என் முத்தம். குற்றாலநாதரும் குழல்வாய்மொழி அம்மையும் உன் குடும்பத்துக்கு எந்தக் காகிதமும் ஒட்டப்படாத கதவைத் தந்து காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
குத்தாலிங்கம்

பின்குறிப்பு: கவரில் எல்லாவற்றையும் மடித்து வைத்துவிட்டுப் பசையைத் தேடிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மணி பதினொன்று இருக்கும். ஒரு வயதான அம்மா குடையோடு இறங்கினார்கள், கூட ஒரு சின்ன வயதுப் பெண். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அய்யாக்குட்டி எட்டிப் பார்த்து, “வாங்கக்கா” என்றான். ஷரீபுன்னிசா அம்மாளேதான். கூட வந்தது மருமகள் முஹ்ஸினா. பின்னால் பத்துப் பேர் வருகிறார்களா என்று தெரு முனைவரை பார்த்தேன். ஆட்டோக்காரரைத் தவிர யாரும் இல்லை.

“உள்ள வரலாமா அண்ணாச்சி? வழக்குப் போட்ட ஆளு” என்று நடையிலேயே நின்றார்கள். உன் மதினி கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தாள். தண்ணீரும் கொடுத்தாள். “நாய அவுத்து விட்டுருவீயளோன்னு பயந்துக்கிட்டே வந்தேன்” என்கிறார்கள். என்னைப் பார்த்துப் பயப்பட உலகத்தில் ஓர் ஆள் இருக்கும் என்று நான் எண்ணியதே இல்லை.

“மூணுல ஒரு பங்க வச்சு நான் என்ன செய்ய அண்ணாச்சி? ஏலத்துக்கு ஆளு வராதுன்னு எங்க வக்கீலு சொல்லுதாரு. நானே எடுத்தா இன்னொரு கேசு, பத்து வருசம். எனக்கு அறுவத்தஞ்சு ஆச்சு. நான் மௌத்தான பெறவு இந்தப் புள்ள வந்து ஒங்க பேரப்புள்ளையகூட வழக்காடணுமா? எம்மவன் ஹம்தானுக்கு சவுதில வேல போயிட்டு. எனக்குத் துண்டு அனுப்புனவனுக்கு நான் எங்கையில இருந்த நகைய வித்துக் குடுத்தேன்.”

அப்போது அய்யாக்குட்டி மேசையிலிருந்த கவரைப் பிரித்துப் பத்திரத்தை எடுத்து அந்தம்மா கையில் கொடுத்துவிட்டான். “எங்க அண்ணன் பயத்துல இப்பிடி ஒண்ணு எழுதிட்டான்க்கா. இதுல உள்ளது பொய்யி. எம்பங்கு எனக்கு உண்டு, ஒங்களுக்குத் தர வேண்டியதும் உண்டு. என்ன ஏசுங்க, அவன ஒண்ணும் செஞ்சிராதிய.” நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முஹ்ஸினா வாசித்தாள். ‘கிணறும் அதிலுள்ள தண்ணீரும்’ என்ற இடம் வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தம்மா சிரிக்கவில்லை. தாளை நாலாக மடித்து என் கையில் வைத்து, “அடுப்புல போடுங்க அண்ணாச்சி. நான் இதக் கேக்கல” என்றார்கள். அமீனா, ஏலம், பெரும்புள்ளி எல்லாவற்றுக்கும் பயந்தேன். இந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு அழுகை வந்தது.

“மூணு லட்சம் இருக்கு” என்று ஒரு குரல் கேட்டது. என் குரல். நான் செத்தால் யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று என் காரியச் செலவுக்காகப் பேங்கில் போட்டுவைத்த பணம் அது, இசக்கிச்செல்விக்கே தெரியாது. அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத இங்கே இடமில்லை. அய்யாக்குட்டி, “அப்பம் நீயும் இப்போதைக்குச் சாவ முடியாதுண்ணே” என்றான். அந்தம்மா, கோர்ட் போட்ட வட்டி தனக்கு வேண்டாம், வட்டி வாங்கித் தனக்குப் பழக்கமில்லை, முதலும் வழக்குச் செலவும் சேர்த்து ஐந்து லட்சம் போதும் என்றார்கள். மூன்று என்னுடையது. ஒரு லட்சத்துக்கு அய்யாக்குட்டி திங்கட்கிழமையிலிருந்து கடையநல்லூரில் அவர்கள் கடையிலேயே வேலைக்குப் போகிறான், மாதச் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். வக்கீலுக்குப் போன் போட்டேன், ரெக்கார்டு ஆனால் ஆகட்டும் என்று. இப்படி ஒத்துக்கொண்டதை இரண்டு தரப்பும் கோர்ட்டில் எழுதிக் கொடுத்தால் ஏலமும் நின்றுவிடும், ஜப்தியும் போய்விடும் என்றார்.

ஆகவே முத்துவடிவு, மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாக வைத்துக்கொள். பத்திரம் அடுப்பில் போய்விட்டது, கவருக்குள் தேடாதே. நீ கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு லட்சம் போட்டால் போதும். மாப்பிள்ளை காரணம் கேட்டால் வீட்டு ஓடு மாற்ற என்று சொல். இந்தக் கடிதத்தை வாசித்ததும் கிழித்துப் போட்டுவிடு, அங்கேயும் யாராவது வாசித்துவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. கடைசிப் பக்கத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள். அதன் பின்பக்கத்தில்தான் என் அக்கவுண்ட் நம்பர் எழுதியிருக்கிறேன்.